பாட்டுக் கணக்கும் பாடலாசிரியரும்

திறனாய்வு என்றவுடன் நாவலையும் சிறுகதையையும் கவிதையையும் எடுத்து வைத்துக்கொண்டு குணமும் குற்றமும் நாடுவதே நம்மிடையே வழக்கமாக இருந்து வருகிறது. அவ்வழக்கத்தில் தவறில்லை. ஆயினும், நாம் கையால் எழுதாமலே நம் வீட்டில் நாள்தோறும் நிரம்பி வரும் ஏடு ஒன்று இன்று உண்டு. நாம் கேட்கும் பாடல்களையெல்லாம் ஒன்று விடாமல் குறித்துக்கொண்டு, ஆண்டு முடிவில் 'உன் இரசனை இன்னது' என்று நமக்கே எடுத்துச் சொல்லும் கணக்கேடு அது. அவ்வேட்டை வைத்தே நாம் அடுத்துக் கேட்க வேண்டிய பாடல் எது என்பதும் முடிவு செய்யப்படுகிறது. இத்தனை அதிகாரம் பெற்றுவிட்ட ஏட்டை இலக்கியத்தில் நாட்டமுடையோர் கண்டுகொள்ளாமல் விடுவது முறையன்று. அது எதை எழுதுகிறது, எதை எழுதாமல் விடுகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வகை ஏடுகளுக்கு முன்னோடி எனத் தக்கது லாஸ்ட்.எஃப்எம். 2002ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் சௌத்தாம்டன் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயின்றுகொண்டிருந்த ரிச்சர்ட் ஜோன்ஸ் என்னும் மாணவர், ஒருவர் தம் கணினியில் கேட்கும் பாடல்களின் பெயர்களைத் தானாகவே திரட்டி வைக்கும் ஆடியோஸ்க்ரோப்ளர் என்ற செய்ந்நிரலை உருவாக்கினார். அதே ஆண்டில் ஜெர்மானிய, ஆஸ்திரிய இளைஞர் சிலர் இலண்டனில் லாஸ்ட்.எஃப்எம் என்ற இணைய வானொலியைத் தொடங்கினர். 2005இல் இவ்விரண்டும் ஒன்றாயின. 2007இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் அதனை 14 கோடி பவுண்டு விலைக்கு வாங்கிற்று. 2014இல் அதன் வானொலி நின்றுபோயிற்று. கணக்கேடு மட்டும் நின்று நிலவுகிறது. பிற செயலிகளில் ஒலிக்கும் பாடல்களையும் அது இன்றளவும் குறித்துக்கொள்கிறது. இவ்வாறு குறித்தலுக்கு 'ஸ்க்ரோப்ளிங்' என்று ஒரு தனிச்சொல்லே வழங்கலாயிற்று.

எதனை ஒரு பாட்டாகக் கணக்கிடுவது? அதற்கு விதி வகுத்துள்ளனர். பாடல் 30 விநாடிக்கு மேற்பட்டதாக இருத்தல் வேண்டும். அதில் பாதியேனும் அல்லது 4 நிமிடமேனும், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை ஒலித்திருத்தல் வேண்டும். இவ்விதி எளிதாகத் தோன்றினும் இதனுள் ஒரு வேடிக்கை உண்டு. நாற்பது நிமிடம் விரிவாகப் பாடப்பட்ட ஒரு தோடி இராகத்தை முழுதும் அமர்ந்து கேட்டவனுக்கும் ஒரு மதிப்பெண்ணே. இரண்டு நிமிடக் குத்துப்பாட்டைக் கேட்டவனுக்கும் ஒரு மதிப்பெண்ணே. அந்த நாற்பது நிமிடத்தில் இருபது குத்துப்பாட்டுக் கேட்டவனுக்கோ இருபது. நீளத்தை அறியாத கணக்கு ஆழத்தை எங்ஙனம் அறியும்? இது நிற்க.

கணக்கெடுப்பதோடு இக்கருவிகள் அமைவதில்லை. புதிய பாடல்களைக் காட்டித் தருவதாகவும் சொல்கின்றன. அதற்கு அடிப்படையான கருத்து பழையதே. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் உபேந்திர சர்தானந்த், பாட்டி மேஸ் என்னும் இருவர் 'ரிங்கோ' என்றதோர் அமைப்பை நடத்தினர். இசைக்கலைஞர்களின் பட்டியலுக்கு மதிப்பெண் இட்டு மின்னஞ்சலில் அனுப்பினால், அதேபோல் மதிப்பெண் இட்ட பிறர் விரும்பும் கலைஞரை அது பரிந்துரைக்கும். சுவை ஒத்த இருவரில் ஒருவன் அறிந்ததை மற்றவனுக்குச் சொல்வது என்பதே இதன் சாரம். திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் நடந்து வந்த செயல்தான். ரிங்கோ நம்மைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. லாஸ்ட்.எஃப்எம் நம்மைக் கேட்பதில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் பாண்டோரா வேறொரு வழியில் சென்றது. இசை கற்ற அறிஞர்களை அமர்த்தி, ஒவ்வொரு பாட்டையும் கேட்கச் செய்து, தாளம், குரல், கருவி என 450 வரையிலான கூறுகளைக் குறித்து வைத்தது. பாராட்டத்தக்க உழைப்பே, ஆனால் அச்சேவை நம் நாட்டிற்கு வந்ததில்லை. நமக்கு வந்தது ஸ்வீடன் நாட்டு ஸ்பாட்டிஃபை. 2013 ஏப்ரலில் அது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அடியெடுத்து வைத்தது. இந்தியாவுக்கு அது சென்றதோ 2019இல்தான். தமிழ்ப் பாட்டுக்குத் தாய்வீடு தமிழகமாயினும், இந்தக் கணக்குப்பிள்ளையிடம் முதலில் பெயர் கொடுத்தவர் நாமே. திங்கட்கிழமைதோறும் 30 பாடல்களை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தொகுத்து நீட்டும் ஏற்பாட்டை அந்நிறுவனம் 2015இல் தொடங்கிற்று.

இக்கருவிகளால் நன்மையே இல்லை என்பார் கூற்றை ஏற்க இயலாது. விளம்பரத்திற்குச் செலவிட வழியில்லாத கலைஞன் ஒருவனை, அவன் பாட்டைக் கேட்கக்கூடிய ஆயிரம் செவிகளோடு இணைத்து வைக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. 'நான் சாஸ்திரிய இசையே கேட்பேன்' என்று சபையில் சொல்லிவிட்டு வீட்டில் வேறு கேட்பவரின் உண்மையையும் இந்த ஏடு மறைக்காமல் எழுதிவிடும். கடையில் விற்ற இசைத்தட்டைக் கணக்கிட்ட காலத்தில், வாங்கியவர் எத்தனை முறை கேட்டார் என்பதை யாரும் அறியார். இன்று அது தெரிகிறது. கேட்போரின் அந்தரங்கம் பற்றிய அச்சமும் நியாயமானதே. 2012இல் லாஸ்ட்.எஃப்எம் பயனரின் கடவுச்சொற்கள் களவு போயின என்பதை நினைவிற்கொள்ளலாம். அதைப்பற்றி எழுதியோர் பலர். இங்கு நாம் பேச வந்தது வேறு.

நம் தோட்டப்புறங்களில் விடியற்காலையில் பெரட்டு நடக்கும். வந்து நின்றவர் பெயரைக் கிராணியார் செக்ரோலில் குறித்துக்கொள்வார். பெயர் ஏறினால் அன்றைக்குக் கூலி உண்டு, ஏறாவிட்டால் இல்லை. பாட்டுக்கு இன்று எடுக்கப்படும் செக்ரோலில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது. 'கலைஞர்' என்பது அக்கட்டத்தின் தலைப்பு. குறை இங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது? எம்.பி.3 கோப்பினுள்ளேயே பாட்டின் விவரத்தைப் பொதிந்து வைக்கும் முறை 1996இல் தோன்றியது. கோப்பின் இறுதியில் 128 எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கினர். தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30. ஆண்டு, குறிப்பு, வகை ஆகியவற்றுக்கு எஞ்சியது. இசையமைத்தவருக்கு இடமில்லை, எழுதியவருக்கும் இல்லை. அதனை வகுத்தவர்கள் வேண்டுமென்றே புறக்கணித்தனர் எனக் கூறலாகாது. அவர்கள் பழகிய இசையுலகம் அத்தகையது. பீட்டில்ஸ் குழுவில் லெனனும் மெக்கார்ட்னியும் தாமே எழுதி, தாமே இசையமைத்து, தாமே பாடினர். அங்கே கலைஞர் என்று ஒரு பெயரைச் சொன்னால் எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும். 1998இல் வந்த அடுத்த முறையில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனிக் கட்டங்கள் சேர்க்கப்பட்டன. ஆனால் லாஸ்ட்.எஃப்எம் தன் கணக்கிற்குக் கேட்டுப் பெறும் விவரங்களில் கலைஞர், தலைப்பு, தொகுப்பு, கேட்ட நேரம், பாட்டின் நீளம், வரிசை எண் முதலானவை உள்ளன, பாடலாசிரியர் இல்லை. கட்டம் பிறந்தும், அதைக் கேட்பாரில்லை.

தமிழ்த் திரைப்பாட்டு ஒருவர் கையில் பிறப்பதன்று. மெட்டு ஒருவருடையது, சொல் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. 1980இல் பாரதிராஜா இயக்கத்தில் வந்த 'நிழல்கள்' படத்தை எடுத்துக்கொள்வோம். இசை இளையராஜா. அப்படத்தின் பாடல்களில் வாலி எழுதியது உண்டு. பஞ்சு அருணாசலம் எழுதியது உண்டு. கங்கை அமரன் எழுதியது உண்டு. வைரமுத்து எழுதியதும் உண்டு. வைரமுத்துவின் முதல் திரைப்பாடல் அதுவேயாகும். தமிழ்த் திரைப்பாட்டின் மொழிநடையில் ஒரு திருப்பம் அந்தப் பாட்டிலே நிகழ்ந்தது என்று சொல்வோர் உண்டு. அக்கூற்று நமக்கும் உடன்பாடே. இனி, கணக்கேட்டைத் திறந்து பாருங்கள். வாலியின் பாடலையும் வைரமுத்துவின் பாடலையும் பாடியவர் எஸ்.பி. பாலசுப்பிரமணியமே. ஆகவே, இரண்டுக்கும் படம் ஒன்று, இசை ஒன்று, குரல் ஒன்று, ஆண்டும் ஒன்று. அனுபவம் முதிர்ந்த ஒரு கவிஞர் சொல்லாட்சிக்கும், முதன்முதலாகக் களம் புகுந்த ஓர் இளைஞரின் சொல்லாட்சிக்கும் இடையே உள்ள வேறுபாடு, அந்த ஏட்டைப் பொறுத்தவரையில் இல்லவே இல்லை.

சரி, அந்த ஒற்றைக் கட்டத்திலாவது ஒழுங்கு உண்டா? சில நிறுவனத்தார் இசையமைப்பாளர் பெயரை அதில் இடுகின்றனர். சிலர் பாடகர் பெயரை இடுகின்றனர். சிலர் எல்லாரையும் காற்புள்ளியிட்டு வரிசையாக அடுக்குகின்றனர். மூன்றாம் வகையில் நேர்வது நகைப்புக்குரியது. ஐந்து பெயரை ஒரே கட்டத்தில் நிரப்பினால், அந்த ஐவரும் சேர்ந்த ஒரு புதிய கலைஞர் பிறந்துவிட்டதாக லாஸ்ட்.எஃப்எம் எழுதிக்கொள்ளும். அடுத்த பாட்டில் ஒருவர் மாறினால் இன்னொரு கலைஞர் பிறப்பார். இதற்கு மேல் எழுத்துக்கூட்டல் தொல்லை வேறு. இளையராஜா என்று தமிழில் ஒருவகையாக எழுதும் பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு வகையாக எழுதுகின்றனர். சில வேறுபாடுகளைக் கருவி தானே திருத்திவிடுகிறது. திருந்தாதவை தனித்தனி மனிதராக நடமாடுகின்றன.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். புதிய பாட்டைத் தேடுவோனுக்கே முதல் இழப்பு. ஏட்டில் உள்ள பெயர்களுக்கிடையேதான் கருவி பாலம் கட்டும். இல்லாத பெயருக்குப் பாலம் இல்லை. கண்ணதாசனை விரும்பும் ஒருவன் விரும்புவது விஸ்வநாதன்–இராமமூர்த்தி இசையை மட்டுமன்று, டி.எம். சௌந்தரராஜன் குரலை மட்டுமன்று. ஒரு சொல்லைக் கையாளும் முறையை அவன் விரும்புகிறான். வாலி அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதியவர், எம்.எஸ். விஸ்வநாதனுக்கு எழுதினார், இளையராஜாவுக்கு எழுதினார், ஏ.ஆர். ரகுமானுக்கும் எழுதினார். அந்த மூன்று காலத்தையும் ஊடுருவி ஓடும் நூல் வாலியின் எழுத்தே. ஒரு வாலி பாட்டிலிருந்து இன்னொரு வாலி பாட்டுக்குச் செல்லும் பாதை இந்தக் கருவியின் வரைபடத்தில் இல்லை. இசையொலியின் ஒப்புமையாலோ பாடகர் ஒற்றுமையாலோ தற்செயலாக அங்கே போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. பாட்டை இலக்கியமாகக் கேட்பவன் இந்தக் கணக்கில் இடம்பெறவே முடியாது.

வானொலி அறிவிப்பாளர் ஒருவர் இந்த இடத்தில் நினைவுக்கு வருவது இயல்பு. நேயர் விருப்பம் நிகழ்ச்சியில், நல்ல அறிவிப்பாளர் பாட்டுக்கு முன்னரோ பின்னரோ படத்தின் பெயரையும் எழுதியவரையும் இசையமைத்தவரையும் பாடியவரையும் முறையாகச் சொல்லிவிடுவார். இந்நாட்டுத் தமிழர் எத்தனையோ பேர் பாடலாசிரியர் பெயரை அறிந்துகொண்டது புத்தகத்தால் அன்று. அந்த அரை நிமிட அறிவிப்பால்தான். இன்றும் மின்னல் எஃப்.எம்மும் சிங்கப்பூரின் ஒலி 96.8உம் சமையலறையிலும் காரிலும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவ்வாறு வானொலிப் பெட்டியில் கேட்பது எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்தாத மூத்தோரின் செவிச்சுவை முழுவதும் ஏட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது. 'தமிழர் எதைக் கேட்கின்றனர்' என்று இந்த ஏடுகளைக் காட்டிப் பேசுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஏட்டில் ஏறுவதும் நம் விருப்பந்தானா என்பது அடுத்த ஐயம். லாஸ்ட்.எஃப்எம் கேட்டுப்பெறும் விவரங்களில் நம் கருத்தைக் கவர்வது ஒன்று உண்டு. இந்தப் பாட்டைக் கேட்பவர் தாமே தேர்ந்தாரா, அல்லது வானொலியோ பரிந்துரைக் கருவியோ தேர்ந்து தந்ததா என்று குறிப்பதற்கு அங்கே ஓர் இடம் வைத்துள்ளனர். எத்துணை நுண்மையான கேள்வி! ஆனால் அதனை நிரப்பாமல் விட்டால், 'தாமே தேர்ந்தார்' என்று கொள்ளப்படும் என்பது விதி. நாம் உறங்கிப்போன பின்னும் செயலி தானாகவே அடுத்தடுத்து ஒலிக்கச் செய்யும் பாடல்கள், பாதி கடந்துவிட்டால் நம் கணக்கில் ஏறிவிடுகின்றன. கருவி ஊட்டியதைக் கருவியே நம் பசி என்று எழுதிக்கொண்டு, மேலும் அதையே ஊட்டுகிறது.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2006ஆம் ஆண்டில் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்னும் மூவர் 'சயன்ஸ்' இதழில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். பெயர் அறியாத குழுக்களின் 48 பாடல்களை 14,341 பேருக்குக் கேட்கத் தந்தனர். பிறர் எத்தனை முறை எடுத்துக்கொண்டனர் என்ற எண்ணிக்கையைச் சிலருக்குக் காட்டினர், சிலருக்குக் காட்டவில்லை. எண்ணிக்கையைக் கண்டவரிடையே புகழ் பெற்ற பாட்டு மேலும் புகழ் பெற்றது. எந்தப் பாட்டு அவ்வாறு உயரும் என்பதையோ முன்கூட்டிச் சொல்ல இயலாதாயிற்று. 2020இல் ஸ்பாட்டிஃபை நிறுவனத்து ஆய்வாளரும் பங்குகொண்ட மற்றோர் ஆய்வு வெளிவந்தது. கருவியின் பரிந்துரையைப் பெரிதும் சார்ந்து கேட்போரின் பாடல் வகைகள் குறுகியிருப்பதையும், காலப்போக்கில் பலவகை கேட்கத் தொடங்கியோர் அப்பரிந்துரையை விட்டுத் தாமே தேடும் பக்கம் நகர்ந்திருப்பதையும் அது காட்டிற்று. புதியதைக் கண்டறிவதற்கென்று வந்த கருவியைப் பற்றி அதை வைத்திருப்போரே இவ்வாறு கூறியிருப்பது கருதத்தக்கது.

செக்ரோலுக்குக் கூலியோடு தொடர்பு உண்டு என்றோம். அதனையும் பார்த்துவிடுவோம். ஸ்பாட்டிஃபை 30 விநாடி ஒலித்த பாட்டை ஒன்று என எண்ணுகிறது. 2024 முதல், முந்திய 12 மாதத்தில் 1000 முறையேனும் ஒலிக்காத பாட்டின் பதிவுக்குப் பங்குத்தொகை இல்லை என்று விதி செய்தது. உலகச் சந்தைக்கு ஆயிரம் என்பது துரும்பு. கிள்ளானிலோ ஈப்போவிலோ சொந்தக் காசில் பாட்டு எழுதிப் பதிவு செய்து வெளியிடும் ஓர் உள்ளூர்க் கலைஞனுக்கு அது சிறிய எண்ணன்று. கேட்டாரின் எண்ணிக்கை உயரவேண்டுமாயின் பரிந்துரையில் இடம்பெற வேண்டும். பரிந்துரையில் இடம்பெற வேண்டுமாயின் ஏற்கெனவே கேட்டார் வேண்டும். முதற்படியே இல்லாத ஏணி இது.

மறுத்துரைப்பார் ஒன்று சொல்லக்கூடும்: ஸ்பாட்டிஃபை 2018 முதல் பாட்டை எழுதியவர், தயாரித்தவர் பெயர்களைக் காட்டத்தானே செய்கிறது என்பர். உண்மைதான். ஆனால் காட்டுவது வேறு, அந்தப் பெயரை வைத்துக் கேட்போனின் சுவையை எடைபோட்டு வழிகாட்டுவது வேறு. மேலும், வெளியீட்டாளர் எழுதிக் கொடுத்த அளவுக்கே அங்கே பெயர் இருக்கும். நாற்பது ஆண்டுக்கு முந்திய படத்தின் பாடலாசிரியர் பெயரை இன்றைய வெளியீட்டாளர் தேடி எழுதுவார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு சான்றைக் காட்டுவோம். மேலே கண்ட 'நிழல்கள்' படத்தில் வாலி எழுதிய பாடலை, யோகி பி–நட்சத்ரா குழுவினர் 2006ஆம் ஆண்டில் தம் 'வல்லவன்' தொகுப்பில் எடுத்தாண்டு, சொல்லிசையாக வளர்த்துத் தந்தனர். மலேசியத் தமிழ்ச் சொல்லிசை தமிழகத்திலும் செவிகொடுத்துக் கேட்கப்பட்டதற்கு அத்தொகுப்பு ஒரு முக்கியக் காரணம். 1980க்கும் 2006க்கும் இடையே, சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே, அந்த ஒரு பாட்டு பாலமாக நிற்கிறது. கணக்கேட்டிலோ இளையராஜா என்று ஒரு வரி. யோகி பி என்று இன்னொரு வரி. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்ற செய்தியை எழுதுவதற்கு அங்கே கட்டமில்லை.

கட்டம் உள்ள இடமும் ஒன்று உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. குறுவட்டுகளின் விவரத்தை உலகெங்கும் உள்ள அன்பர்கள் தட்டச்சிட்டுச் சேர்த்த சி.டி.டி.பி. என்னும் பட்டியல் பின்னர் வணிக நிறுவனத்தின் உடைமையாயிற்று. அதனால் மனம் கசந்து, எவரும் எடுத்தாளத்தக்க பொதுப் பட்டியலாக இராபர்ட் கே என்பவர் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கியது மியூசிக்பிரெய்ன்ஸ். அங்கே பாட்டு என்னும் படைப்பு வேறு, அதன் ஒலிப்பதிவு வேறு எனப் பிரித்து வைத்துள்ளனர். படைப்புக்கு எழுதியவரையும் மெட்டமைத்தவரையும் இணைக்கலாம். பதிவுக்குப் பாடியவரையும் வாசித்தவரையும் இணைக்கலாம். ஒரு பதிவு இன்னொன்றிலிருந்து எடுத்தாளப்பட்டது என்றும் குறிக்கலாம். பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, ஆங்கில எழுத்துக்கூட்டல்கள் அனைத்தையும் அதன் மாற்றுப் பெயர்களாகச் சேர்க்கலாம். ஒரே கீர்த்தனையைப் பத்து வித்துவான்கள் பாடியிருப்பின், பத்துப் பதிவும் ஒரு படைப்பின் கீழ் நிற்கும். நம் இசைமரபுக்கு லாஸ்ட்.எஃப்எம்மைக் காட்டிலும் இவ்வமைப்பே ஏற்றது என்பது என் துணிபு. அதே அறக்கட்டளை நடத்தும் லிசன்பிரெய்ன்ஸ், கேட்ட கணக்கை இந்தப் பட்டியலோடு இணைத்து, யாரும் எடுத்து ஆராயுமாறு பொதுவில் வைக்கிறது.

ஆனால் அங்கே எழுதுவோர் ஊதியமில்லாத அன்பர்கள். பிரித்தானிய ராக் குழு ஒன்றின் ஒவ்வொரு பதிவுக்கும் ஒலிப்பொறியாளர் பெயர் வரை எழுத ஆளிருக்கிறது. இந்நாட்டு வானொலியில் ஒலித்த உள்ளூர் மெல்லிசைப் பாடல்களுக்கும், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஒலிநாடாவாக வெளிவந்த தொகுப்புகளுக்கும் எழுத நாம்தாம் வேண்டும். அந்த ஒலிநாடாக்களின் உறைகள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. உட்புறத் தாளில் பொடி எழுத்தில் பாடல், இசை, குரல் என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். நம் எழுத்தாளர் சிலர் கதையும் கவிதையும் எழுதிய அதே கையால் அப்பாடல்களையும் எழுதினர். அவர்கள் நூல்களின் பட்டியலை நாம் விழா மலர்களில் அச்சிட்டு வருகிறோம். அவர்கள் எழுதிய பாடல்களின் பட்டியலை எவரும் தொகுத்ததாகத் தெரியவில்லை. ஒலிநாடாவின் காந்தப்பூச்சு உதிர்ந்து வருகிறது. உறைத்தாளின் மையும் மங்கி வருகிறது. எழுதியவரிற் சிலரேனும், கேட்டால் எடுத்துச் சொல்லும் நிலையில் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.